கூடம் கோணல்

பியூலாவின் ஆட்டத்துக்கு யாரும் கைதட்டியது கிடையாது. தட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. எதிரே நிற்பவள் அடிப்பாள், இவள் திருப்பிப் போடுவாள். அவள் இன்னும் ஓங்கி அடிப்பாள், இவள் ஓடிப்போய் அதையும் திருப்பிப் போடுவாள். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வருகிற நேரத்தில் எதிரே நிற்பவளுக்குக் கோபம் வரும். கோபத்தில் ஒன்றை வெளியே அடிப்பாள், பியூலாவுக்கு ஒரு புள்ளி. இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்து முன்னுக்கு வருகிறவர்களைச் சீட்டுப் போடுகிற இடத்தில் மெச்சுவார்கள், டென்னிஸில் மெச்சுவதில்லை. ராஜபாளையத்தில் அவள் படித்த கல்லூரியில் அந்த ஆட்டத்துக்குக் 'கட்டை போடுறது' என்று பேர். கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் தடுத்துக்கொண்டே நிற்கிறவனைச் சொல்கிற அதே பேர்தான்.

நாகஜோதி வேறு ரகம். அவள் அடித்தால் வேதியியல் ஆய்வகம் வரைக்கும் சத்தம் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். அப்பா வேல்சாமி, கதிரறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவர். மகளுக்கு அவருடைய உயரமும் தோளும் வாய்த்திருந்தன. அவள் சர்வ் போடும்போது வகுப்பை விட்டு வெளியே வருகிற பையன்கள் வேலியோரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். உடற்கல்வி இயக்குநர் பெலிக்ஸ் சாருக்கு அவள் என்றால் தனிப் பிரியம். "அடிக்கிறவதான் ஜெயிப்பா. தடுக்கிறவ தோக்காம இருப்பா, அம்புட்டுதான்," என்பார். பியூலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொல்வார். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நினைத்ததை நினைத்த இடத்தில் சொல்கிற மனிதர், அவ்வளவுதான்.

இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே வகுப்பு. சேர்ந்த மாதத்திலேயே நாகஜோதி அணிக்கு வந்துவிட்டாள். பியூலா அவளோடு பயிற்சி ஆடுகிறவள் ஆனாள். நாள் தவறாமல் மாலையில் அந்தச் சிமெண்ட் களத்தில் அவள் அடிக்க இவள் திருப்பிப் போடுவதும், இவள் போட அவள் அடிப்பதுமாக மூன்றாவது வருடமும் வந்துவிட்டது.

அந்தக் களத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஆதியில் டென்னிஸுக்கென்று போட்டதில்லை. சத்திரப்பட்டிப் பக்கத்து முதலாளி ஒருவர் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடுவதற்காகப் போட்ட தரை. அவர் தொழிலை மாற்றிக்கொண்டபோது இடத்தைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். கல்லூரி ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே புதுசாக ஒரு பூச்சுப் பூசச் சொல்லி, கோடு போட்டு, நெட் கட்டி, டென்னிஸ் களம் என்று பலகை வைத்தது. டென்னிஸ் களத்தை வடக்கு தெற்காகப் போட வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இடம் கிழக்கு மேற்காகக் கிடந்தது, களமும் அப்படியே கிடந்தது. ஆனால் மழை பெய்தால் அரை மணியில் காய்ந்துவிடும், பொட்டுத் தண்ணீர் தேங்காது. அதில் கல்லூரிக்கு ஏகப்பெருமை.

மாலையில் சூரியன் மேற்கே மலைக்கு மேல் வந்து நின்றுகொள்ளும். ஓடைப்பக்கம், அதாவது ஓடையை ஒட்டிய கிழக்குக் கோடியில் நிற்பவளுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மலைப்பக்கம் நிற்பவளுக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அணியில் இருப்பவளுக்கு மலைப்பக்கம், பயிற்சிக்கு வருகிறவளுக்கு ஓடைப்பக்கம். செட் வைத்து ஆடும்போதுகூட இடம் மாற மாட்டார்கள். இடையிடையே இடம் மாற வேண்டும் என்று விதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அது போட்டிக்கு, இது நம்ம வீட்டு ஆட்டம் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வருடம் பியூலா ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். "ஏட்டி, இன்னைக்கு ஒருநாள் எடம் மாத்திக்கிடுவோமா?"

"வெயில் கண்ணுல அடிச்சா எனக்குத் தலைவலி வந்துரும்," என்றாள் நாகஜோதி. அதற்குப் பிறகு பியூலா கேட்கவில்லை. ஒரு தொப்பி வாங்கிக்கொண்டாள்.

வெயிலைவிட அவளுக்கு எரிச்சலாக இருந்தது பந்து பொறுக்குகிற வேலைதான். யார் அடித்தாலும், எங்கே விழுந்தாலும், கடைசியில் எல்லாப் பந்தும் உருண்டு ஓடைப்பக்கம்தான் வந்து சேரும். நெட்டில் பட்டு விழுந்ததுகூட செத்த நேரம் யோசித்துவிட்டு அவளைப் பார்த்தே கிளம்பி வரும். இதையும் ஒருநாள் பெலிக்ஸ் சாரிடம் சொன்னாள்.

"மேல்காத்து தள்ளுதும்மா," என்றார் அவர். ஆடி ஆவணியில் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஆளையே தள்ளுகிற ஊர் அது. காற்று இல்லாத மாசியிலும் பந்து அப்படித்தான் உருண்டது. அப்போது சொன்னபோது பெலிக்ஸ் சார் சிரித்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பழமொழி வந்தபிறகு பேச்சுக்கு என்ன வேலை இருக்கிறது. பியூலா பந்து பொறுக்கப் போனாள்.

மூன்றாவது வருடம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் நடந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒற்றையருக்கு இரண்டு பெயர் கொடுக்கலாம். ஜெயிப்பவள் பல்கலைக்கழக அணியோடு மைசூர் போவாள். மற்ற இடங்கள் வேறு ஊர்ப் போட்டிகளில் நிரம்பிவிட்டன, இங்கே மிச்சம் இருந்தது ஒரே இடம். நாகஜோதி முந்தின இரண்டு வருடமும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரையிறுதி வரைக்கும் போய்த் தோற்றவள். வெளியூர் போனால் அவள் அடி ஏனோ நெட்டில் போய் விழுந்தது. கண்ணேறு என்று அவளுடைய அம்மா ராக்கெட் பையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டிருந்தாள். இந்தத் தரம் போட்டி சொந்த ஊர் வாசலில் நடக்கிறது, அவள்தான் போவாள் என்று பெலிக்ஸ் சார் முடிவே கட்டிவிட்டார். இரண்டாவது பெயர் காலியாகக் கிடக்க வேண்டாமே என்று பியூலாவைப் போட்டார்.

பியூலாவுக்கு அது காலியிடம் இல்லை. அவளுக்கு இது கடைசி வருடம். அம்மா தங்கபாய் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலைக்குப் போகிறவள். மூன்று வருடமாக வெயிலில் கறுத்துப்போய் வீட்டுக்கு வருகிற மகளைப் பார்த்து, "ஒருதரமாவது ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டு வா, நான் வாயத் தொறக்கல," என்று சொல்லியிருந்தாள். இந்தத் தரமும் இல்லை என்றால் ராக்கெட் பீரோவுக்கு மேலே ஏறிவிடும். ஏறினது இறங்காது. பெரியம்மா மகள் எட்டாவதில் வாங்கின வீணை அங்கேதான் இன்னும் துணி சுற்றிக் கிடக்கிறது. பியூலாவுக்கு மைசூர் போக வேண்டும். அவ்வளவு ஆசையை அவள் வேறு எதன்மேலும் வைத்ததில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்கே ஆச்சரியமாக ஒன்று நடந்தது. தினமும் போடுகிற மாதிரிதான் போட்டாள். பந்து மட்டும் தினமும் போகாத தூரத்துக்குப் போனது. முதல் ஆட்டத்தில் சிலது கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தன. கையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொன்றும் எதிராளியின் பின்கோட்டுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது. அப்படி ஆழமாக விழுகிற பந்தை யாராலும் ஓங்கி அடிக்க முடியவில்லை. சிவகாசிக்காரி ஒருத்தி, சாத்தூர்க்காரி ஒருத்தி, இரண்டுபேரும் கோபப்பட்டுத் தோற்றார்கள். மறுபக்கம் நாகஜோதியும் ஜெயித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாய்த்தவர்கள் அவள் சர்வைத் தொடவே பயந்தவர்கள். இறுதி ஆட்டத்தில் ஒரே கல்லூரிக்காரிகள் இரண்டுபேரும் எதிரெதிரே நின்றார்கள். பெலிக்ஸ் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவள் ஜெயித்தாலும் கோப்பை நமக்குத்தான் என்று ஊருக்குப் போன் போட்டார்.

வன்னியம்பட்டியிலிருந்து நாகஜோதியின் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். வேல்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பால்கோவா டப்பா வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். ஜெயித்த பிறகு வாங்கப் போனால் நேரமாகிவிடும் என்று முன்கூட்டியே வாங்கிவிட்டார். பியூலா தரப்பில் யாரும் இல்லை. தங்கபாய்க்கு லீவு கிடைக்கவில்லை.

முதல் செட் நாகஜோதிக்குப் போனது. ஆனால் சுலபமாகப் போகவில்லை. நெட்டின் மேல்நாடாவில் மட்டும் அவள் பந்து எத்தனை தரம் மோதியது என்பதைப் பார்த்தவர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் போதும், எதிரே நிற்பவளால் தொட்டிருக்க முடியாது. அந்த ஒரு விரற்கடைதான் வரவில்லை. மற்றபடி தாண்டிப் போனவை எல்லாம் வெடிகள்தான். பியூலா அவற்றை நின்று வேடிக்கை பார்த்தாள்.

இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு பந்து நாடாவில் பட்டு, பியூலாவின் பக்கம் களத்தின் நடுவில் விழுந்து நின்றது. வழக்கம்போல அது உருண்டு தன்னிடம் வரும் என்று அவள் பின்கோட்டிலேயே காத்திருந்தாள். அது வரவில்லை. மலைக்காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. வேலியோரத்துத் தென்னை மட்டைகள் ஆடின, நடுவர் பெண் பறக்கிற துப்பட்டாவை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். பந்து மட்டும் விழுந்த இடத்தில் கிடந்தது. நடுவர், "பிளேயர், பால் எடுங்க," என்றாள்.

பியூலா நடந்துபோய்க் குனிந்து அதை எடுத்தாள். எடுக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. மூன்று வருடமாகப் பந்தைத் தள்ளியது காற்று இல்லை, தரை. பேண்டேஜ் துணி காயப்போட்ட தரை. துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஓடைக்கு ஓட வேண்டும் என்று சரிவாக வாட்டம் வைத்துப் போட்ட தரை. மேலே பூசிய கொத்தனாரும் அந்த வாட்டத்தைக் கலைக்கவில்லை. எந்தக் கொத்தனார்தான் கலைப்பார்? மொட்டை மாடியானாலும் குளியலறையானாலும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடியாக வேண்டும் என்பதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம். டென்னிஸ் களத்துக்கு அது ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

மற்றதெல்லாம் தானாக விளங்கியது. மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்து அடிக்கிறவளுக்கு நெட் தாழ்ந்துதான் இருக்கும். நாகஜோதியின் கை மூன்று வருடமாக அந்தத் தாழ்ந்த நெட்டுக்கே பழகிவிட்டது. இந்தச் சமதரையில் அதே அடி நாடாவில் முட்டாமல் என்ன செய்யும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் நடந்தது இதுதான், கண்ணேறு இல்லை. பள்ளத்தில் நின்று மேட்டுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டவளுக்கோ சமதரையே ஒரு சலுகை. கூடம் கோணல்தான். பழமொழி சொன்னவர்கள் ஒருவரும் கூடத்தை மட்டம் வைத்துப் பார்க்கவில்லை.

பியூலா பின்கோட்டுக்குத் திரும்பினாள். அதன்பிறகு அவள் ஆடியது வேறு ஆட்டம். பந்தை நாகஜோதியின் முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரியே போட்டாள். தாழ்ந்து வருகிற பந்தை அவள் ஓங்கி அடித்தால் நெட்டுக்குத்தான் போகும், ஓங்காமல் இருக்க அவளால் முடியாது. அப்படியே நடந்தது. வேலியோரம் கைதட்டல் குறைந்தது. பெலிக்ஸ் சார், "நாகு, பொறுமை," என்று ஒருதரம் குரல் கொடுத்தார். பொறுமையாக ஆடச் சொல்லி அவர் அவளுக்கு அதுவரை சொல்லிக்கொடுத்ததே இல்லை.

இடம் மாறுகிறபோது உட்கார ஒரே பெஞ்சுதான். எப்போதும் போல ஒரே பாட்டிலில் இரண்டுபேரும் தண்ணீர் குடித்தார்கள். நாகஜோதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ஏட்டி பியூலா, எனக்கு என்னட்டி ஆச்சு? எல்லாம் நெட்டுலயே போய் விழுது. எங்கய்யா பாத்துக்கிட்டு நிக்காரு. தெனமும் என் ஆட்டத்தப் பாக்கிறவ நீதான, என்ன தப்பு பண்ணுதேன்னு சொல்லு."

எதிராளியிடம் போய் இப்படிக் கேட்பவள் உலகத்தில் உண்டா என்றால், உண்டு. அவளுக்குப் பியூலா எதிராளி இல்லை. மூன்று வருடமாக ஓடைப்பக்கம் நிற்கிற பியூலா, அவ்வளவுதான். அந்த நினைப்பு பியூலாவைச் சுட்டது. ஒரு சாண் தூக்கி அடி என்று சொன்னால் போதும், ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும், மைசூரும் முடிந்துவிடும்.

எதிராளிக்கு வழி சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பேசாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருந்தால் பியூலாவை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவள் பேசாமல் இருக்கவில்லை.

"ஒண்ணுமில்லட்டி. நல்லாத்தான் அடிக்கே. இன்னும் கொஞ்சம் வேகமா அடி."

நாகஜோதி தலையை ஆட்டினாள். போய் இன்னும் வேகமாக அடித்தாள். இரண்டாவது செட்டை இழந்தாள். மூன்றாவதில் அதைவிட வேகமாக அடித்தாள். கடைசிப் பந்து நாடாவில் மோதி அவள் பக்கமே விழுந்தபோது, அதையே பார்த்துக்கொண்டு சற்றுநேரம் நின்றாள். பிறகு நெட்டுக்கு வந்து பியூலாவைக் கட்டிக்கொண்டாள். "நீ போறதும் நான் போற மாதிரிதான்," என்றாள்.

வேல்சாமி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மகளின் தலையைத் தடவிவிட்டு, கையிலிருந்த டப்பாவைப் பிரித்தார். வாங்கியது வாங்கியதுதான், திரும்ப வேனில் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. "வாயத் தொற ஆத்தா. அவளுக்கு வாங்குனா என்ன, நீயும் எம்புள்ளதான்," என்று ஒரு விள்ளலைப் பியூலாவின் வாயில் வைத்தார். பியூலா மென்றாள். விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டில் தங்கபாய் ஜெபம் பண்ணி அழுதாள். கோப்பையை டிவி மேல் வைத்தாள். பியூலா குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். களைப்பு என்று அம்மா விட்டுவிட்டாள். அது களைப்பு இல்லை, வெட்கம். ஜெயித்ததற்காக அவள் வெட்கப்படவில்லை. கட்டை போட்டு ஜெயித்ததற்காகவும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக வெட்கப்பட்டாள். அதைத் தன் நாக்குதான் சொன்னது என்பதை அவளால் நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் நாகஜோதி கல்லூரிக்கு வந்தாள், களத்துக்கு மட்டும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மாலையில் திடீரென்று மழை பிடித்தது. மழை வந்தால் எல்லாரும் வராந்தாவுக்கு ஓடிவிடுவார்கள், தரை காய்ந்த பிறகுதான் இறங்குவார்கள். அன்று நாகஜோதி மட்டும் களத்தில் நெட் கம்பத்தின் ஓரம் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். தோற்ற துக்கம் என்று யாரும் கூப்பிடப் போகவில்லை. பியூலாவும் போகவில்லை. அவளுக்குப் போகத் துணிவில்லை.

செவ்வாய்க்கிழமை நாகஜோதி ராக்கெட்டோடு வந்தாள். பெலிக்ஸ் சார் முகம் மலர்ந்து இருவரையும் கூப்பிட்டார்.

"மைசூருக்கு ஒரு மாசம்தான் இருக்கு. நாகு, நீ தெனமும் இவளுக்குப் பந்து போடணும். பியூலா, இனிமே நீ மலைப்பக்கம் நில்லு. டீம்ல இருக்கிறவ வெயிலப் பாத்து நிக்கப்பிடாது."

"எனக்கு ஓடைப்பக்கமே இருக்கட்டும் சார். பழகிருச்சு," என்றாள் பியூலா.

சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எம்புட்டு அடக்கம் பாரு என்று ஒருத்தி சொன்னது பியூலாவின் காதில் விழுந்தது. அடக்கம் என்ன அடக்கம். மேட்டில் நின்று ஒரு மாதம் பழகினால் மைசூரில் தன் பந்தும் நாடாவில்தான் போய் முட்டும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு களத்துக்குப் போக ஊரில் வழியில்லை. காரணத்தைச் சொல்லி இந்தக் களத்தை மாற்றவும் வழியில்லை. சார் பழமொழியை எடுப்பார். எப்போது தெரிந்தது என்று நாகஜோதி கேட்பாள்.

அவள் இதை யோசித்து முடிப்பதற்குள் நாகஜோதி ஓடைப்பக்கம் போய் நின்றுவிட்டாள். தலையில் புதுத் தொப்பி இருந்தது.

"அதான் சார் சொல்றாகல்ல. மலைப்பக்கம் போ," என்றாள்.

பியூலா போனாள். முதல்தரமாக வெயில் அவள் முதுகில் பட்டது. எதிரே கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நாகஜோதி ஒரு பந்தை வாகாகப் போட்டுக்கொடுத்தாள். பியூலா வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கித்தான் வீசினாள். பந்து நெட்டைத் தாண்டிப் பறந்து மூலைக்கோட்டில் விழுந்து வேலியில் அறைந்தது. தன் ராக்கெட்டிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. தோள் வரைக்கும் சுகமாக இருந்தது. இந்தச் சுகத்தைத் தினமும் அனுபவித்த ஒருத்தி வேறெப்படி ஆடியிருப்பாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பெலிக்ஸ் சார் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

அடுத்ததையும் அடித்தாள். அதுவும் அப்படியே போனது. மறுபடியும் தட்டினார்கள்.

நாகஜோதி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"நல்லாத்தான் அடிக்கே. இன்னும் கொஞ்சம் வேகமா அடி."

பியூலாவின் கை இறங்கிவிட்டது. நெட்டுக்கு நடந்து வந்தாள். நாகஜோதியும் வந்தாள். சாருக்குக் கேட்காத குரலில் பியூலா கேட்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து மழைல. தண்ணி பூரா நீ எப்பவும் நிக்கிற ஓடைப்பக்கம் பாத்துத்தான் ஓடுது. ஒரு பந்தப் போட்டேன், அதுவும் பின்னாலயே போச்சு." நாகஜோதி நெட்டின் மேல்நாடாவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "ஒனக்கு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ரெண்டாவது செட்டுல."

"நான் பெஞ்சுல கேட்டனே. அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பின்னால் என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை, நாகஜோதி நம்பியும் இருப்பாள். நம்பத்தான் கேட்டாள் என்று தோன்றியது.

"முன்னால."

நாகஜோதி தலையை ஆட்டினாள். அன்றைக்குப் பெஞ்சில் ஆட்டியது போலவே ஆட்டினாள்.

"மொத வருசம் எடம் மாத்துவோமான்னு கேட்டியே," என்றாள் பிறகு. "எனக்குத் தலைவலியெல்லாம் வராது. பந்து பொறுக்கச் சோம்பல்பட்டுச் சொன்னேன்."

"இப்ப மாத்துவோமாட்டி?"

"மாட்டேன். நீ மைசூர் போற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

பியூலா திரும்பி நடந்து மலைப்பக்கம் போய் நின்றாள். "என்னம்மா கூடிக்கூடிப் பேசுதீக, நேரமாகுதுல்ல," என்றார் பெலிக்ஸ் சார். பந்து வந்தது. அவள் அடித்தாள். மூன்று வருடமாகக் கிடைக்காத கைதட்டல் அன்று மாலை முழுவதும் கிடைத்தது, ஒவ்வொரு தட்டலுக்கும் அவளுக்குக் கண் நிறைந்தது. அடித்த பந்துகள் ஒவ்வொன்றாக உருண்டு ஓடைப்பக்கம் போய்ச் சேர்ந்தன. நாகஜோதி குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி மேலே அனுப்பிக்கொண்டிருந்தாள்.